ஓட்ட மறுத்த ரைமோ

ரைமோ எங்களோடு விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயது. அதற்கு முன் இருபத்து நான்கு வருடம் எங்கள் ஊரில் நகரப் பேருந்து ஓட்டியவர். ஏழாம் எண் பேருந்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஏரிக்கரைக் குடியிருப்பு வரை. கிழக்கு ஃபின்லாந்தில் சின்ன ஊர்களில் பேருந்து ஓட்டுநரைத் தெரியாதவர்கள் குறைவு. எனக்கும் அவர் முகம் தெரியும். காலையில் ஏறும்போது லேசாகத் தலையசைப்பார், அவ்வளவுதான்.

ஒரு பிப்ரவரி காலை, முந்தைய நாள் பெய்த மழை அப்படியே கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. நூலகத்துக்கு எதிரே இறக்கத்தில் உள்ள நிறுத்தத்தில் ரைமோ பேருந்தை நிறுத்த வந்தார். நிறுத்தத்தில் ஒரே ஒரு பெண் நின்றிருந்தாள். நூலகத்தில் வேலை பார்த்த ஆனெலி, முப்பத்தெட்டு வயது. பேருந்து நின்றுவிட்டது என்று நினைத்து ஓரடி முன்னால் வந்தவள் வழுக்கி விழுந்தாள். பேருந்து இன்னும் நின்றிருக்கவில்லை. பின்சக்கரம் அவள்மேல் ஏறியது, அங்கேயே இறந்துபோனாள்.

போலீஸ் விசாரித்தது. வேகம் சரி, பிரேக் சரி, டயர் சரி, ஓட்டுநர் மேல் தவறு எதுவும் இல்லை என்று காகிதம் கொடுத்தார்கள். ரைமோ அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு நேராக டிப்போவுக்குப் போய்ப் பேருந்துச் சாவியைக் கொடுத்துவிட்டு, நாலு கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்கு வந்தார் என்று அவர் மனைவி கைசா பின்னாளில் என்னிடம் சொன்னாள். சொந்தக் காரையும் அதன் பிறகு அவர் தொடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் வீட்டிலேயே இருந்தார். விறகு வெட்டுவார், பனி அள்ளுவார், மற்ற நேரமெல்லாம் சமையலறை மேசையருகே உட்கார்ந்திருப்பார். கடைசியில் கைசாதான் விமான நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தித்தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

எங்கள் வேலை என்னவென்றால், விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, பெட்டிகளை இறக்குவது, ஏற்றுவது, குளிர்காலத்தில் இறக்கைமேல் உள்ள பனியைக் கரைப்பது, விமானத்தைப் பின்னுக்குத் தள்ளி அனுப்பிவைப்பது. பெட்டி வண்டித் தொடரை இழுக்கும் இழுவை வண்டி, பெட்டியை மேலே கொண்டுபோகும் பெல்ட் வண்டி இரண்டையும் எல்லோரும் ஓட்டித்தான் ஆக வேண்டும். எங்கள் தலைவி தூலா நேர்காணலில் இதைச் சொன்னபோது ரைமோ மறைக்காமல் பதில் சொல்லியிருக்கிறார்.

"தூக்குவேன், அடுக்குவேன், பனியில நிக்கச் சொன்னா நிப்பேன். வண்டி மட்டும் ஓட்ட மாட்டேன். அது முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, போயிடறேன்."

தூலா அவரை எடுத்துக்கொண்டாள். ஊரில் எல்லோருக்கும் கதை தெரியும், அவளுக்கும் தெரியும். அதோடு எங்களுக்கு ஆளும் இல்லை.

பெட்டி அடுக்குவதில் ரைமோவை மிஞ்ச ஆள் கிடையாது. விமானத்தின் வயிற்றுக்குள் நிமிர முடியாது. முழங்காலில் நின்றபடியே இருபது கிலோ, முப்பது கிலோ பெட்டிகளை வாங்கி அடுக்க வேண்டும். இரண்டு தோல் பட்டைகளை முழங்காலில் கட்டிக்கொண்டு அவர் உள்ளே போனால் கடைசிப் பெட்டி வரைக்கும் வெளியே வர மாட்டார். அந்த இருட்டுப் பொந்து அவருக்குப் பிடித்திருந்தது என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் அவர் ஓட்டாத வண்டியை வேறு யாராவது ஓட்டத்தானே வேண்டும்? அது பெரும்பாலும் இல்க்காவின் தலையில் விழுந்தது. இல்க்கா என் வயதுக்காரன், நாற்பது தாண்டியவன், வாய் நீளம். மோசமானவன் இல்லை. ஆனால் நாள் முழுக்கப் பனிக்காற்றில் அவனே வண்டியை ஓட்டி அவனே இறங்கிப் பெட்டியும் தூக்கினால் எரிச்சல் வராதா? எங்கள் நாட்டில் வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப், அதைக் குடிக்க உட்காரும்போதெல்லாம் அவரைச் சீண்டுவான்.

"யோவ் ரைமோ, அந்த உப்ப இந்தப் பக்கம் ஓட்டு. ஓ, உனக்கு ஓட்டறது ஆகாதில்ல? சரி, தூக்கிக் குடு."

ரைமோ உப்பை நகர்த்தி வைப்பார். சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். ஒருமுறை தூலா இல்க்காவைத் தனியே கூப்பிட்டுக் கண்டித்தாள். அன்றிலிருந்து அவள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தான்.

இப்படி இரண்டு வருடம் போனது. மூன்றாம் வருட நவம்பரில், பகல் பன்னிரண்டு மணி ஹெல்சிங்கி விமானம் வந்து நின்றபோது மழை தரையில் விழுந்த உடனே உறைந்துகொண்டிருந்தது. நான் விமானத்தின் மூக்குக்குக் கீழே, காதை மூடும் ஹெட்செட் மாட்டி விமானியோடு பேசிக்கொண்டிருந்தேன். இல்க்கா பெட்டி வண்டித் தொடரை இழுத்துவந்து, கடைசி வண்டி பெல்ட் வண்டிக்குப் பக்கத்தில் வரும்படி நிறுத்தினான். எஞ்சினை அணைக்காமல் இறங்கி, இரண்டுக்கும் நடுவில் நின்று பெட்டிகளை எடுத்துவைக்க ஆரம்பித்தான். கைபிரேக்கைச் சரியாக இழுத்தானா, இழுத்தும் பனி வழுக்கியதா என்பது கடைசிவரை தெரியவில்லை. இழுவை வண்டி மெதுவாகப் பின்னுக்குச் சறுக்கியது. பெட்டி வண்டியின் இரும்பு விளிம்பு இல்க்காவின் இடது காலைப் பெல்ட் வண்டியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டது.

ரைமோ இன்னும் விமானத்துக்குள் ஏறவில்லை, இழுவை வண்டிக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தார். இருக்கை காலி. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று மீட்டர் முன்னால் எடுத்தால் போதும்.

"ரைமோ, வண்டிய முன்னால எடு" என்று இல்க்கா கத்தினான்.

ரைமோ ஏறினார். அதை எல்லோருக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், அவர் ஏறாமல் நிற்கவில்லை. ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அதோடு சரி. கால் மிதியில் அழுந்தவில்லை. கழுத்தைத் திருப்பி இல்க்காவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

என் காது மூடியிருந்ததால் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. தற்செயலாகத் திரும்பிப் பார்த்துத்தான் ஓடினேன். ரைமோவின் கையைப் பிடித்து இழுத்தேன். குழந்தை மாதிரி இறங்கிக்கொண்டார். நான் ஏறி வண்டியை முன்னால் எடுத்தேன். நடந்ததையெல்லாம் பிறகு கேமராப் பதிவில் பார்த்தோம். இல்க்கா மாட்டியதிலிருந்து வண்டி நகரும் வரை ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. அவ்வளவு நேரமும் அந்தப் பாரம் வழுக்கி வழுக்கி இன்னும் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். வண்டியைச் சீக்கிரம் நகர்த்தியிருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். விசாரணைக்கு வந்தவர்களும் யார் மேலும் தவறில்லை, பனிதான் காரணம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். ரைமோவின் கையில் இரண்டாவது தடவையாக அப்படி ஒரு காகிதம்.

அவர் ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போனார். முதல் இரண்டு முறையும் இல்க்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மூன்றாம் முறை இல்க்காவின் மனைவி வாசலிலேயே தடுத்து, தயவுசெய்து இனி வர வேண்டாம் என்று அமைதியாகச் சொன்னாளாம்.

ரைமோ வேலையை விட்டுவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். உள்ளே பெட்டிக் கூடத்தில் வேலை தருகிறேன், வெளியே வர வேண்டாம் என்று தூலாவே சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டது வேறு.

"எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடு."

"இப்ப எதுக்கு ரைமோ?" என்றாள் தூலா. "யாரும் உன்ன ஒண்ணும் சொல்லலியே."

"நாளைக்கு இன்னொருத்தன் மாட்டிக்கிட்டா?"

தூலா என்னைப் பார்த்தாள். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

ஓடுதளத்துக்கு அப்பால் கோடையில் மட்டும் பயன்படுத்தும் ஒரு வெற்றுத் தளம் உண்டு. மார்ச் மாதப் பிற்பகல்களில் அங்கே போவோம். முதல் நாள் இருபது நிமிடம் வண்டியில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்கி, பனியில் வாந்தி எடுத்தார். இருபத்து நான்கு வருடம் நெரிசல் நேரத்தில் பேருந்து ஓட்டிய மனிதருக்கு, குழந்தை நடக்கும் வேகத்தில் பத்து மீட்டர் ஓட்ட மூன்று வாரம் ஆனது. ஓட்டி முடித்ததும் முகமெல்லாம் வியர்த்திருக்கும். அப்போது வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. போதும், விட்டுவிடுவோம் என்று நான்தான் இரண்டு மூன்று முறை சொன்னேன். அவர் சொல்லவில்லை. மே மாதம் தேர்வு எழுதி அனுமதி அட்டை வாங்கினார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அவர் ஓட்டினார். ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் வண்டியை இரண்டு சுற்று சுற்றி வருவார். குனிந்து அடியில் பார்ப்பார். நின்ற வண்டியின் சக்கரத்துக்கெல்லாம் தானே கட்டை வைப்பார். அவர் இருக்கும் நாளில் விமானங்கள் நாலு நிமிடம், ஐந்து நிமிடம் தாமதமாகும். மேலிடத்திலிருந்து தூலாவுக்குப் போன் வரும். அவள் வாங்கிக் கட்டிக்கொள்வாள், ஆனால் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

விபத்துக்கு அடுத்த குளிர்காலமே இல்க்கா திரும்பி வந்தான், செயற்கைக் காலோடு. பாரக் கணக்குப் போடும் அறையில் உட்காரும் வேலை. அந்த அறையின் ஜன்னல் விமானம் நிற்கும் தளத்தைப் பார்த்து இருந்தது. அவனும் ரைமோவும் வாக்கிடாக்கியில் பேசித்தான் ஆக வேண்டும். விமானத்தின் முன்னறையில் எத்தனை பெட்டி, பின்னறையில் எத்தனை பெட்டி. அந்த எண்களைத் தவிர அத்தனை வருடத்தில் வேறு ஒரு சொல் அவர்களுக்குள் நடந்து நான் கேட்டதில்லை. சூப் குடிக்கும் மேசையிலும் ஒருவர் இருந்தால் மற்றவர் வர மாட்டார். சீண்டல் நின்றுவிட்டது. இல்க்கா யாரையுமே சீண்டுவதில்லை. மேசையில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

ரைமோவுக்கு ஐம்பத்தொன்பது நடக்கும்போது இடுப்பும் முழங்காலும் போய்விட்டன என்று டாக்டர் வேலையை நிறுத்தச் சொன்னார். தூலா காபியும் கேக்கும் வைத்து வழியனுப்பினாள். இல்க்கா வர மாட்டான் என்று நினைத்தோம். வந்தான். கேக்கை எடுத்துக்கொண்டு ரைமோவுக்கு எதிரே உட்கார்ந்து, முழுதும் தின்று முடித்தான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல. பொய் சொல்ல எனக்குத் தெரியாது."

"சொல்ல வேணாம்" என்றார் ரைமோ.

"நீ அன்னிக்கு என் மூஞ்சியவே பார்த்துட்டு இருந்த பாரு, அதான் போக மாட்டேங்குது. கால் போனதுகூடப் பழகிடுச்சு."

ரைமோ தலையாட்டினார். இல்க்கா எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

போன கோடையில் சந்தைத் திடலில் ரைமோவைப் பார்த்தேன். கைசா தக்காளி வாங்கப் போயிருந்தாள். அவர் கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, காகிதத் தட்டில் பொரித்த ஏரி மீன் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். இல்க்கா எப்படி இருக்கிறான் என்று கேட்டார், இருக்கிறான் என்றேன். தூலாவைக் கேட்டார். ஒரு மீனின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, சொல்ல நினைத்ததை என்னிடம் சொன்னார்.

"ஆறு வருஷம் ஓட்டினேன். ஒருத்தன்கூட எங்கயும் மாட்டல. நான் ஓடிப்போய் வண்டிய எடுக்க வேண்டிய தேவையே வரல."

"நல்லதுதானே."

"நல்லதுதான். நல்லதில்லன்னு யாராவது சொல்வானா? ஆனா அப்படி ஒரு நாள் வந்திருந்தா நான் எடுத்திருப்பேனான்னு எனக்கு இன்னும் தெரியல. இனிமே தெரியவும் போறதில்ல."

எடுத்திருப்பீர்கள் என்று சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருக்க மாட்டார். தட்டை என் பக்கம் நகர்த்தினார். இருவரும் மிச்ச மீனைத் தின்றோம்.