சிஞ்ச்வட் வண்டியும் லோஹேகாவ் வண்டியும்

இடது காலால் இனி கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து என் வீட்டுக்காரர் மலைப் பேச்சையே எடுக்கவில்லை. மழை தொடங்கினால் சனிக்கிழமை விடிவதற்குள் சஹ்யாத்ரிப் பக்கம் கிளம்பிவிடுகிற மனிதர், பால்கனியில் உட்கார்ந்து மேகம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் ஒருபக்கம், பயம் ஒருபக்கம். இந்த மனுஷன் இப்படியே உட்கார்ந்துவிடுவாரோ?

"மலைக்குப் போக பழைய பிக்கப் வண்டி ஒண்ணு வாங்கலாமுங்க. நான் ஓட்டறேன்" என்றேன்.

"பக்கத்துல சும்மா உக்காந்துட்டு வர நான் என்ன மூட்டையா?"

"மூட்டை இத்தனை வாய் பேசாதுங்க. கெளம்புங்க."

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு வண்டிகள் பார்த்தோம். இரண்டுமே நான்கு சக்கரமும் இழுப்பவை. முதலில் சிஞ்ச்வட் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் நின்ற வண்டி. சாலையில் அலுங்காமல் ஓடியது. மண்பாதை வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், முன் சக்கரங்களும் இழுக்கும். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. அவர் ஜன்னல் வழியே எங்கேயோ பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்து லோஹேகாவ் பகுதியில் பார்த்த வண்டி அதைவிடக் கிழம். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் தூக்கித் தூக்கிப் போட்டது. ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி என் தோள் கழன்றது. ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மண்பாதையில் ஏற்றினேன். மழை பெய்கிறதா, மேகம்தான் தரையில் இறங்கி நடக்கிறதா என்று தெரியாத சாரல். கண்ணாடிக்கு வெளியே மரமில்லை, ஊரில்லை, வெறும் வெள்ளை. அதற்குள் மிதந்துகொண்டே போனோம். ஐயோ, அப்படியே போய்க்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. அப்போதுதான் பின்சக்கரம் சேற்றில் சுழன்று வண்டி நின்றது.

இதில் பொத்தான் கிடையாது. ஓர் ஆள் இறங்கி, முன் சக்கரம் ஒவ்வொன்றின் மையத்திலும் இருக்கும் பூட்டைக் கையால் திருப்பினால்தான் அவையும் இழுக்கும். சாவி கொடுக்கும்போதே விற்கிறவர் சொல்லியிருந்தார். "என்ன கருமமோ" என்று முணுமுணுத்தபடி கதவைத் திறந்தேன்.

"நீ எதுக்கு எறங்கறே? பிரேக்குல இருந்து காலை எடுக்காதே" என்றார் அவர்.

கதவைப் பிடித்து இறங்கி, நொண்டியபடியே முன்னால் போய்க் குனிந்தார். ஒரு பக்கம் முடித்து, மேகத்துக்குள் மறைந்து, மறுபக்கம் வந்தார். ஓடிப்போய்ப் பிடிக்கத் துடித்த காலை நான் பிரேக்கிலேயே வைத்திருந்தேன்.

முழங்கால்வரை சேறோடு ஏறி உட்கார்ந்து, "ம், இப்ப மெதுவா எடு" என்றார். வண்டி ஏறியது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல், "ஆனாலும் சிஞ்ச்வட் வண்டிதாங்க சொகுசு" என்று சீண்டினேன்.

"சொகுசுதான். அதுல எனக்கு என்ன வேலை இருக்குது?" என்றார்.