அக்காவோட கம்ப்யூட்டரும் சனிக்கிழமை நாலு மணியும்

எங்க அக்காவுக்கு நாப்பத்தி மூணு வயசு. தையல் ஃபேக்டரியில மெஷின் மெக்கானிக். முன்னூறு மெஷின் ஓடற ஹால்ல எந்த மூலையில எது முக்கினாலும் அவ காதுக்கு எட்டிடும், ஸ்க்ரூ டிரைவரும் கையுமா போய் நின்னுடுவா. அங்க அவளுக்குப் பேரே 'இன்ஜினியரம்மா'. படிச்சது என்னவோ பத்தாவது தான். வீட்டுக்கு வந்தா, கழுவின கை காயறதுக்குள்ள ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர்ல துப்பாக்கி கேம் ஆட உக்காந்துடுவா.

"ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் என்ன கேம்?"னு கேட்டவங்க கிட்ட எல்லாம் நான் சண்டைக்குப் போயிருக்கேன். தெரியாம பேசினா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அக்காவுக்கு ஒரே பொண்ணு, பதிமூணு வயசு. வாலுன்னு தான் கூப்பிடுவோம். அக்காவும் அவ வீட்டுக்காரரும் பிரிஞ்சப்ப வாலு அப்பா கூடவே இருக்கேன்னுட்டா. ஸ்கூலு அங்க, சிநேகிதிங்க அங்க, யாரைக் குத்தம் சொல்றது? அக்கா என் வீட்டுக்கு வந்துட்டா. ஃபோன் பண்ணினா "ம்", "சாப்ட்டேன்", "வெக்கட்டுமா?" அவ்வளவு தான், ஒன்றரை நிமிஷம். ஆனா சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு கேம்ல சேர்ந்துட்டா, அதே பொண்ணு ரெண்டு மணி நேரம் வாய் மூடாது. "அம்மா, லெஃப்ட்ல ஆளு, ஓடு ஓடு"ங்கறதுக்கு நடுவுல டீச்சர் திட்டினது, சிநேகிதி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டது, நெத்தியில பரு வந்தது எல்லாம் கொட்டும். அக்காவுக்குப் பொண்ணுன்னு மிச்சமிருந்தது அந்த ரெண்டு மணி நேரம் தான்.

அதுக்கும் ஒரு நாள் வந்துச்சு வேட்டு. "அம்மா, நாங்க எல்லாரும் புது கேமுக்கு மாறிட்டோம். உன் டப்பாவுல அது ஓடாது. அடுத்த சனிக்கிழமை நீ வரலைன்னா, நாலாவது ஆளா என் கிளாஸ் பொண்ணு வரேங்கறா." சாதாரணமா தான் சொன்னா. அக்கா ஹெட்ஃபோனைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டா.

திங்கக்கிழமையே ரெண்டு பேரும் கடைக்குப் போனோம். நான் மருந்துக்கடையில நிக்கறவ. அட்டை பிரியாம, தேதி போட்டு, சீல் வெச்சு வந்தா தான் எனக்கு நம்பிக்கை. அங்க அப்படி, ரெடியா பூட்டின கம்ப்யூட்டர் ஒண்ணு ஜம்முனு நின்னுது. பக்கமெல்லாம் கண்ணாடி, உள்ள கலர் கலரா விளக்கு. "இன்னிக்கே எடுத்துட்டுப் போலாம் மேடம்"னார் விற்கிறவர். எடுடி, போலாம்னு நான் அக்கா முதுகுல கை வெச்சுத் தள்ளாத குறை.

அக்கா குனிஞ்சு கண்ணாடி வழியாப் பார்த்தா. "உள்ள கரண்ட் குடுக்கற பெட்டி எந்த கம்பெனி?"

"நல்ல கம்பெனி தான் மேடம்."

"திறந்து காட்டுங்களேன்."

"சீலை உடைச்சா வாரண்டி போயிடும் மேடம்."

"வாங்கினவளே திறந்து பாக்கக் கூடாதா? அப்ப நீங்களே வெச்சுக்கங்க, நான் சாமான் வாங்கிப் பூட்டிக்கறேன்." விறுவிறுன்னு வெளிய வந்துட்டா.

தெருவுல நின்னு கத்தினேன். "ஏண்டி, உனக்கு வேணுங்கறது கம்ப்யூட்டரா, இல்ல வாலுவா? இதை எடுத்தா சனிக்கிழமைக்கு நிச்சயம். நீயே பூட்டறேன்னு உக்காந்து ஏதாவது ஒண்ணு வேலை செய்யலைன்னா?"

"அந்த மெஷின்ல ஆறு மாசத்துல ஏதாவது போச்சுன்னா அவங்க கொண்டு போய் மூணு வாரம் வெச்சுப்பாங்க. மூணு சனிக்கிழமை போகும். நானே பூட்டினா, போனது எதுன்னு எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துல மாத்திடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் ஃபோன்லயே தனித்தனியா ஆர்டர் போட்டா.

சாமான் ஒவ்வொண்ணா வந்துச்சு. எல்லாத்தையும் மாட்டற போர்டு புதன்கிழமை, வெளிப்பெட்டி வியாழக்கிழமை. கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் வரவே இல்ல. அது இல்லாம அந்த கேம் படமே காட்டாதாம். வெள்ளிக்கிழமை முழுக்க ஃபோனைப் பார்த்தது பார்த்தபடி இருந்தா. சனிக்கிழமை பதினொண்ணே முக்காலுக்கு வாசல்ல மணி அடிச்சுது. வந்தவர் கிட்ட கையெழுத்தைக் கிறுக்கிட்டு அட்டையை அங்கேயே பிரிச்சா.

சாப்பாட்டு மேஜையைத் துடைச்சு, வெள்ளைத் துணி விரிச்சு, ஸ்க்ரூவை எல்லாம் மூடியில பிரிச்சு வெச்சா. அதுக்கப்புறம் அவளைப் பாக்கணுமே! ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கடைசி வரைக்கும் முறுக்குவா, அப்புறம் மணிக்கட்டு மட்டும் லேசாத் திரும்பும், அடுத்ததுக்குப் போயிடுவா. கேமை வாரம் முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்ல இறக்கி வெச்சிருந்தா. அந்த டிஸ்க்கைக் கழட்டி இதுல மாட்டினா. மூணே காலுக்கு பட்டனை அமுக்கினா. விசிறி சுத்துச்சு, திரையில வெளிச்சம் வந்துச்சு. நான் கத்தின கத்துல எதிர் வீட்டு ஜன்னல் திறந்துச்சு.

அது இது சரி பண்ணி, மூணு ஐம்பத்தஞ்சுக்கு கேம் திறந்தாச்சு. நாலு மணிக்கு ஸ்பீக்கர்ல வாலு குரல். "அம்மா? வந்துட்டியா? நெஜம்மாவா?"

"வந்துட்டேண்டி..."

பொட்டுனு அணைஞ்சுது.

மறுபடி போட்டா. ஏறி வந்துச்சு. கேம் திறந்து ரெண்டு நிமிஷம், மறுபடி பொட்டு. வயரை எல்லாம் பிடுங்கி மாட்டினா, வேற பிளக்ல போட்டா. மூணாவது தடவையும் அதே கதை. மணி நாலு பத்து. அக்கா நெத்தியில வேர்வை வழியுது, துடைக்கக் கூட இல்ல. என் நாக்கு சும்மா இருக்குமா? "அன்னிக்கே தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? பெரிய இன்ஜினியரம்மா! திறந்து பாக்கணுமாம்! இப்ப திறந்தே தானே கெடக்கு, பாரு நல்லா!"

அவ திருப்பித் திட்டியிருந்தா எனக்குத் தேவலை. "அவ அந்தப் பொண்ணைக் கூப்பிட்டிருப்பா இந்நேரம்"னு மட்டும் சொன்னா. குரலே எழும்பல. இவ கிட்ட போய் இப்ப இதைப் பேசினேனேன்னு என்னையே அறையணும் போல இருந்துச்சு.

ஏதாவது உதவி பண்ணலாம்னு மேஜைக்குக் கிட்ட போனேன். என்ன உதவி, டார்ச் பிடிக்கறது தான். கை ஊன்ற இடம் தேடி, நடுவுல பெருசா விசிறியோட நின்ன அலுமினியக் கட்டியைத் தொட்டேன். கம்ப்யூட்டருக்கு மூளையான சிப்புல வர்ற சூட்டை இழுக்கறதுக்காக அதுக்கு மேல உக்காத்தின கட்டி அது.

"அக்கா, இது ஆடுது."

"ஆடணும்"னா, திரும்பியே பார்க்காம.

"ஆடணுமா?"

"இறுக்கிப் பூட்டி அரைச் சுத்து விட்டா தானேடி மெஷின் சுலபமா ஓடும்? இல்லைன்னா பிடிச்சுக்காது?"

சொல்லிட்டு நின்னுட்டா. என்னைப் பார்த்தா. கட்டியைப் பார்த்தா. அப்புறம் தன் வலது கையைப் பார்த்தா.

"ஐயய்யோ"ன்னா மெதுவா. "இது ஓடற சாமானா? இது ஒட்டிக்கிட்டே இருக்க வேண்டியதாச்சே!"

தையல் மெஷின்ல இருபத்திரண்டு வருஷப் பழக்கம். முறுக்கற கை தானா அரைச் சுத்து பின்னால திரும்பியிருக்கு, நாலு ஸ்க்ரூவுலயும். கட்டி சிப்புல சரியா உக்காரல. கேம் திறந்ததும் சிப்பு கொதிக்குது, கருகிடக் கூடாதேன்னு மெஷினே தன்னை அணைச்சுக்குது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. "சிரிக்க நேரமில்ல, முறுக்குடி!"ன்னேன்.

கரண்டை எடுத்து, கட்டியைக் கழட்டி, ரெண்டு பக்கமும் துடைச்சு, டியூப்ல மிச்சமிருந்த, சூட்டைக் கடத்தற பசையைப் பிதுக்கித் தடவி, மறுபடி வெச்சு முறுக்கினா. கடைசி ஸ்க்ரூவுல அவ மணிக்கட்டு திரும்பப் பார்த்துச்சு, நான் லபக்குனு பிடிச்சுக்கிட்டேன்.

நாலு முப்பத்தெட்டு. கேம் திறந்துச்சு. அஞ்சு நிமிஷம் ஓடிச்சு, அணையல. வாலுவோட சேர்த்து நாலு பேர் இருந்தாங்க. இடம் நிறைஞ்சு போச்சு.

"லேட்டும்மா"ன்னா வாலு. பின்னால வேற பொண்ணு சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. "நீ போயிட்டேன்னு நெனச்சேன்."

"சரிடி கண்ணு. நீ ஆடு. நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்"னா அக்கா. மைக்கைக் கையால மூடிக்கிட்டு உதட்டைக் கடிச்சா.

திரையில ஒரு பேர் மறைஞ்சுது. அப்புறம் அதே பேர் அக்கா பேருக்குப் பக்கத்துல வந்து நின்னுது, தனியா.

"வெளிய வந்துட்டேன். நாம ரெண்டு பேர் ஆடலாம்"னா வாலு. "ஏன் நடுவுல நடுவுல போயிட்டே? கடையில ஓட்டை மெஷினா குடுத்துட்டாங்க?"

"கடையில வாங்கலடி. நானே பூட்டினேன்."

"பொய்."

"வேணும்னா சித்தியைக் கேளு."

"சித்தியும் இருக்காளா? சித்தி, நெஜம்மாவா?"

"நெஜம் தாண்டி. பூட்டி, தப்பா பூட்டி, மறுபடி பூட்டினா"ன்னேன்.

வாலு சிரிச்சா. அப்புறம் ரெண்டு பேரும் ஒரு சுவருக்குப் பின்னால பதுங்கி உக்காந்திருந்தப்ப, குரலைத் தாழ்த்திக்கிட்டு, "அம்மா, என்னோடதும் இப்பல்லாம் நின்னு நின்னு போகுது. அப்பா கடையில ரெடியா ஒண்ணு வாங்கித் தரேங்கறார். வேணாம்னு சொல்லிடட்டுமா? நீ வந்து பூட்டித் தருவியா?"

"அங்க வந்தா?"

"பின்ன? என் ரூமுக்குத் தான். ஒரே நாள்ல முடிஞ்சிடாது இல்ல?"

அக்கா கை மவுஸை விட்டுடுச்சு. திரையில யாரோ ஓடி வந்து அவளைச் சுட்டுத் தள்ளினான். அம்மா, அம்மா, எந்திரின்னு வாலு கத்தறா. அக்கா வாயைத் திறக்கறா, சத்தம் வரல, கண்ணுல தண்ணி கொட்டுது.

நான் எட்டி மைக்கைப் பிடுங்கினேன். "ஒரே நாள்ல முடியாதுடி! ரெண்டு நாளாவது ஆகும். உங்கப்பா கிட்ட இப்பவே போய் சொல்லு, வாங்க வேணாம்னு!"