ஜித்தாவிலிருந்து வந்த பெட்டி

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை என்பவர் வந்து இருந்துவிட்டுப் போகிறவர். அதிலும் ஜித்தாவில் வேலை என்றால் பாதி விருந்தாளி. ஹலீமாவின் கணவர் ஷேக்னா லெப்பையும் அப்படித்தான். லீவுக்கு வருவார், மீன்குழம்பு நன்றாயிருக்கிறது என்பார், போய்விடுவார். இந்த முறை வரவில்லை. நெஞ்சுவலியில் அங்கேயே மவுத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. ஊருக்கு வந்தது ஒரு பெட்டிதான்.

ஹலீமா அழவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்றது ஒரு கூட்டம், பொறுமைசாலி என்றது இன்னொரு கூட்டம். ஊருக்கு வாய் சும்மா இருக்குமா? அவளுக்கோ பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மரத்துக் கிடந்தது, அவ்வளவுதான். பெட்டியைத் திறந்து அவர் சட்டையை மோந்தால் அழுகை வந்துவிடும் என்று நம்பினாள். வராவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. அதனாலேயே அதைத் திறக்காமல் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தாள்.

கணவன் மவுத்தானபின் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பவள் வெளியே போவதில்லை. பெண்கள் மதரஸாவில் அவளிடம் அரபி படித்த பிள்ளைகள் வீட்டுக்கே வந்தார்கள். அன்றைய பாடம் வாவ், தால், ஐன் என்ற மூன்றெழுத்து வேர். விடுதல் என்பது அதன் அடிப்பொருள்.

"விட்டுப் போறவங்களை வழியனுப்புறது வதாஃ. நம்பி ஒருத்தர்கிட்ட விட்டு வைக்கிற பொருள் வதீஆ. கேட்டு வந்தா மறுபேச்சில்லாம குடுத்திரணும். சோழிக்கு வதஃ. கடல் கரையில விட்டுட்டுப் போறதுனாலயோ என்னமோ. குர்ஆன்ல லுஹா சூராவுல, உம் இறைவன் உம்மைக் கைவிடலன்னு வருதுல்ல, அதுவும் இதே வேர்தான்."

"விட்டான்னு சொல்ல இந்த வேர்ல என்ன வரும் ராத்தா?" என்றாள் ஸுலைகா. கேள்வி கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"அந்த இறந்தகாலத்தை அரபிங்க பெரும்பாலும் பேசறதில்ல. வேற சொல்லை எடுத்துக்குவாங்க."

"ஏன்?"

"பேசறதில்ல, அவ்வளவுதான்." கடையில் விலை சொல்லுகிற குரலில் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி நூகு உம்மாள் வந்தாள். ஷேக்னா லெப்பையைப் பெற்றவள். வந்தவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அவன் சட்டை ஒண்ணு குடு மவளே. கல்யாணத்தன்னைக்கு எங்க வாசலைத் தாண்டி வந்தவன். துணிமணி எல்லாம் இங்கதான். எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. ஒரு தடவ வாசம் பாத்துக்கிடுதேன்."

கொடுக்க மனமில்லை. இருப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான். ஆனால் காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய் இப்போது எப்படி மறுக்கும்? குனிந்து பெட்டியை இழுத்தாள். "இரிங்கோ மாமி" என்று சொல்லி, தானே திறந்தாள்.

குப்பென்று சோப்புத்தூள் வாசம் வந்தது. சட்டை, இடுப்பில் கட்டும் சாரம், கைக்குட்டை வரை எல்லாம் துவைத்துத் தேய்த்து மடித்திருந்தது. மவுத்தானவர் துணியை அழுக்கோடு வீட்டுக்கு அனுப்பலாமா என்று அறையில் கூட இருந்த பையன்கள் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மாமி ஒரு சட்டையை முகத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு மடியில் போட்டுக்கொண்டாள். "நல்ல பிள்ளையளுவோ. சுத்தமா துவச்சிருக்கானுவோ" என்றாள். தோள் குலுங்கியது.

"நானும் அதைத்தான் செஞ்சேன் மாமி" என்றாள் ஹலீமா.

ஆள் பயணம் போன வீட்டில், போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை கூட்டவோ துவைக்கவோ மாட்டார்கள். கடைசியாகப் போனபோது அவர் அவிழ்த்துப்போட்ட சாரம் கொடியில் அப்படியே கிடந்தது.

"வந்து சேந்துட்டேன்னு அவ்வோ ஃபோன் வந்ததும் ஊற வச்சிட்டேன். எப்பவும் அப்படித்தானே."

மாமி அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தாள். ஹலீமா காத்திருந்தாள். அழுகை வரவில்லை. இனித் திறந்து பார்க்க வேறு பெட்டியும் இல்லை.