முதலாளியின் சிங்களம்

தம்புள்ளை மொத்தச் சந்தையில் ஒரு யாழ்ப்பாணத்து முதலாளியிடம் வேலை செய்தேன். மரக்கறி வாங்கி லொறியில் வடக்கே அனுப்புவது அவருடைய வியாபாரம். விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். அவருக்குச் சிங்களம் வராது; எண்களைக்கூட விரலில்தான் காட்டுவார். எனக்கு வரும். அது பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டு, பக்கத்து ஊரான நாலந்தாவில் மர ஆலையொன்றில் கட்டை தூக்கியபோது கூட இருந்தவர்கள் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தது. மூட்டை தூக்குவதும் பேச்சை மாற்றிச் சொல்வதும் என் வேலை.

அதற்கு முன் எந்த வேலையிலும் நான் நிலைத்து நின்றதில்லை. இங்கே இரண்டு வருடம் கிடந்தேன். லொறிக்குக் கீழே சாக்கு விரித்துப் படுத்தேன். அவர் கண்ணாடி கிளாசில் தேநீர் குடிப்பார். எனக்குக் காலியான யோகட் கோப்பையில் ஊற்றித் தருவார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தோட்டக்காட்டான் என்பார். தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவனுக்கு இதெல்லாம் புதிதில்லை.

அவர் வாய் மோசமான வாய். “உந்தக் கள்ளன் அழுகலை என்ரை தலையிலை கட்டப் பாக்கிறான்” என்பார். நான் அதைச் சிங்களத்தில், “மாமா, சாமான் நல்லாயிருக்குன்னு முதலாளி சொல்றாரு. யாழ்ப்பாணத்துல விலை இறங்கிருச்சாம், கொஞ்சம் பாத்துக் குடுங்க” என்று மாற்றுவேன். அவர் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், அவருக்கு வயிற்றுவலி என்பேன். அந்த வயிற்றுவலிக்கு விவசாயி அம்மா ஒருவர் தன் வீட்டிலிருந்து கொத்தமல்லி கொண்டுவந்து கொடுத்தார். இப்படித்தான் முதலாளி நல்ல மனிதர் ஆனார். நல்ல போஞ்சிக்காய் முதலில் எங்கள் கடைக்கு வந்தது.

ஒருநாள் அவருடைய மருமகன் ஊரிலிருந்து வந்தான். பாஷை தெரியாத மாமனாரை எல்லோரும் எப்படித் தேடி வருகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டான்.

“என்ரை கைராசி” என்றார் முதலாளி. “இவன் கிளி மாதிரி. நான் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லுவான். தோட்டக்காட்டான்ரை மூளைக்கு அது காணும்.”

நான் பக்கத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். என்னை நோகடிக்க அவர் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். அவருடைய நல்ல பெயரில் பாதி என்னுடையது, அது அவருக்கும் தெரியும் என்று நினைத்துத்தான் நான் அத்தனையும் பொறுத்திருந்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. இனி ஏன் பொறுக்க வேண்டும்?

மறுநாள், பொங்கலுக்கு முந்திய கடைசி லொறி. அது நிறையாமல் போனால் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழேயிருந்து ஒரு பெரியவர் போஞ்சி கொண்டுவந்தார். முதலாளி ஒன்றை ஒடித்துத் தரையில் எறிந்தார்.

“உந்தப் போஞ்சியை மாட்டுக்குப் போடச் சொல்லு. கிழட்டுக் கள்ளன், பழசை அடியிலை ஒளிச்சிருப்பான். குடும்பமாச் சேந்து செய்யிற களவு.”

அப்படியே சிங்களத்தில் சொன்னேன். கிழட்டுக் கள்ளன் என்பதற்கு மர ஆலையில் படித்த சொல் ஒன்று இருந்தது, அதைப் போட்டேன். சிங்கள இனத்தைப் பற்றி அவர் சொல்கிற சொற்களும் உண்டு. அவற்றை அன்றும் விழுங்கினேன். சந்தையில் வேறு தமிழர்களும் பிழைக்கிறார்கள்.

பெரியவர் என்னைப் பார்த்தார். விவசாயிகளுக்கு நான் மல்லி, அதாவது தம்பி. “மல்லி, இது அவர் சொன்னதா, நீ சொல்றதா?”

“நான் கிளி, மாமா. சொன்னதச் சொல்றேன்.”

அவர் சாக்கைக் கட்டிப் பக்கத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பின்னால் நின்றவர்கள் தங்களைப் பற்றி முதலாளி என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டார்கள். இரண்டு வருடத்தில் ஞாபகம் இருந்ததையெல்லாம் சொன்னேன். எனக்கு ஞாபகம் நல்ல ஞாபகம். கொத்தமல்லி தந்த அம்மாவுக்கும் ஒன்று இருந்தது. ஒவ்வொருவராக மூட்டையைத் தூக்கினார்கள்.

“என்னடா சொன்னனீ அவங்களுக்கு?”

“நீங்க சொன்னதத்தாங்க, முதலாளி.”

கையை ஓங்கினார். சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு இறக்கினார். பிறகு குரல் மாறியது.

“தம்பி, நான் அப்பிடிச் சொல்லேல்லை எண்டு சொல்லு ராசா.”

அதை மட்டும் நான் சிங்களத்தில் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எதிர்த் தேநீர்க் கடைக்குப் போய் ஒரு பிளேன்டீ சொல்லி உட்கார்ந்தேன்.

லொறி பாதியும் நிறையவில்லை. அவர் ஒவ்வொரு விவசாயியாகப் பிடித்து விரலைக் காட்டிக் கெஞ்சினார். அவர்கள் சிரித்த முகத்தோடு, மரியாதையாகத் தலையைச் சாய்த்து, அவரையும் அவருடைய பரம்பரையையும் நீளமாகத் திட்டினார்கள். அவர் தெரிந்த ஒரே சிங்களத்தில், “ஹரி, ஹரி”, சரி சரி என்று தலையாட்டினார். இடையிடையே என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. இன்னொரு பிளேன்டீ கொண்டுவரச் சொன்னேன்.