பனி விழாவிட்டால் வருவான்

கருக்களாச்சேரி டீக்கடையில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். பிஸ்கட் ஜாடியில் சாய்த்து வைத்த போனில் பிரான்சின் மலைச்சரிவு ஒன்று நேரலையாகத் தெரிகிறது. டிசம்பரிலும் பச்சைப் புல். ஆட்களை மலைமேல் ஏற்றும் நாற்காலிகள் காலியாகக் கம்பியில் தொங்குகின்றன. போதுமான பனி விழுந்தால்தான் அங்கே சறுக்கு விளையாட்டுத் தளத்தைத் திறப்பார்கள். அதுவரை டீக்கடை செல்வியின் மகனுக்குச் சம்பளம் இல்லை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் அங்கேயே வேலை பார்க்கும் என் மகன்.

"இங்க மழை விடமாட்டேங்குது, அங்க ஒரு பொட்டுப் பனி இல்ல," என்கிறார் கடலுக்குப் போகாத ஒரு மீனவர்.

"நம்ம ஐஸ் கம்பெனிலேருந்து ரெண்டு பார் அனுப்பி வைங்கண்ணே," என்கிறாள் செல்வி.

படத்தின் கீழே ஒரு வரி ஓடுகிறது.

"அய்யா, நீங்க பிரெஞ்சு வாத்தியாராச்சே. என்ன போட்டிருக்கான்?" என்கிறாள் செல்வி.

இன்றிரவு கடும் பனி, சனிக்கிழமை திறப்பு என்று போட்டிருக்கிறான். பனி விழாவிட்டால் கிறிஸ்துமசுக்கு வருவதாக என் மகன் சொல்லியிருந்தான். அவனைப் பார்த்து வருடக்கணக்காகிறது. பனி விழக் கூடாதென்று இன்று காலைதான் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். தப்பாகப் படித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. சரியாகவே படிக்கிறேன்.

செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

"அம்மனுக்கு நேந்துக்கிட்டேன். நீங்களும் வேண்டிக்கிட்டீங்களா அய்யா?"

"காலையில மெழுகுவர்த்தியே ஏத்தினேன்மா."

"அதான் பலிச்சிருக்கு," என்று என் டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போடுகிறாள்.