புக்கிட் பிந்தாங் மொட்டைமாடியில் 7.24 வரை

எங்கள் திண்டுக்கல் வீட்டில் மொட்டைமாடி என்பது வடகம் காயப்போடும் இடம். கோலாலம்பூரில் அது ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாற்றுக்கு இருபத்தெட்டு ரிங்கிட் வாங்கும் இடம். மலேசியாவுக்கு வேலைக்கு வந்த இந்த நாலு வருஷத்தில் அந்த மாதிரி உணவகங்கள் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. போன வைகாசியின் கடைசி ஞாயிறன்று போனேன். சாப்பாட்டுக்காக இல்லை, என் கல்யாணப் பேச்சுக்காக.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முப்பத்தெட்டு வயது. இருபத்தாறில் வீட்டில் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம் மூன்று வருஷத்தில் முறிந்துபோனது. கணேசன் கிள்ளானில் கார் ஏசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். என் அலுவலகம் துறைமுகம் பக்கம் என்பதால் என் பழைய கார் அடிக்கடி அவர் கடையில் நிற்கும். ஏசி சரியான பிறகும் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நாற்பத்திரண்டு வயது, இதுதான் முதல் கல்யாணம். அவருடைய அம்மாவுக்கு என் கதை முழுக்கத் தெரியும். பெண்ணை நேரில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று மகனிடம் சொல்லிவிட்டார்.

எங்கே பார்ப்பது? பிரிக்பீல்ட்ஸில் நான் இருப்பது இரண்டு நர்ஸ்களோடு பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறை. மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டால் கதவு திறக்காது. நானே கிள்ளானுக்குப் போகிறேன் என்றதும் ஊரிலிருந்து என் அக்கா போனிலேயே முறைத்தாள். "நம்ம வீட்டாளுக யாருமில்லாம நீயா போயி அவங்க வாசல்ல நிப்பியாடி?" என்றாள். ஆகவே பொது இடம் என்று முடிவானது. கொஞ்சம் அழகாகவும் பேசினால் காதில் விழும்படியும் இருக்க வேண்டும் என்று தேடியதில் புக்கிட் பிந்தாங்கில் முப்பத்து நாலாவது மாடியில் இந்த உணவகம் சிக்கியது.

அங்கே மேசையை இரண்டு மணிநேரத்துக்குத்தான் தருவார்கள். மாலை 5.30 முதல் 7.30 வரை ஒன்று, 7.45 முதல் 9.45 வரை இன்னொன்று. இரண்டாவதில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும் என்று விமர்சனங்களில் எழுதியிருந்தார்கள். முதலாவதில் ஒரே சிக்கல், ஞாயிறு 4.30 முதல் 6 வரை ராகு காலம். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் நல்ல பேச்சை ராகு காலத்தில் எடுக்கக் கூடாது என்பது மட்டும் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. என் முதல் கல்யாணத்துக்கும் பார்த்துப் பார்த்துத்தான் நேரம் குறித்தார்கள், அது வேறு விஷயம். அரைமணி நேரம் பழச்சாறு, ஆறு அடித்ததும் பேச்சு, ஏழரைக்குள் முடிவு என்று திட்டம் போட்டேன். திட்டம் போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

காரை எடுக்கவில்லை. ஞாயிறு மாலை புக்கிட் பிந்தாங்கில் கார் நிறுத்த இடம் தேடுவது தனிப் பயணக் கட்டுரைக்குரிய விஷயம். 4.50-க்கு துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறினேன். நாலாவது நிறுத்தம், பன்னிரண்டு நிமிடம், கட்டணம் இரண்டரை ரிங்கிட்டுக்குள். அங்கிருந்து ஏழு நிமிட நடை. ஆண்கள் செருப்போடு வந்தால் லிஃப்ட் பக்கமே விடமாட்டார்கள், முன்கூட்டியே கணேசனிடம் சொல்லியிருந்தேன்.

5.30-க்கு வர வேண்டியவர்கள் 5.56-க்கு வந்தார்கள். கிள்ளானிலிருந்து நாற்பது கிலோமீட்டர், கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஒன்றேகால் மணிநேரம் ஆகியிருக்கிறது. கணேசனின் அம்மா கரும்பச்சைச் சேலை கட்டியிருந்தார். தலையில் பூ இல்லை. கைப்பையை வைக்கப் பணியாளர் ஒரு குட்டி முக்காலி கொண்டுவந்தும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். மேற்கு ஓரத்து மேசை, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஊரே கீழே கிடந்தது. மேசையில் ஒரு வாசனை மெழுகுவர்த்தி. மல்லிகை வாசனையில்கூட மெழுகுவர்த்தி செய்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

6.05-க்கு ஆரம்பித்தேன். "ஆன்டி, கணேசன் எல்லாம் சொல்லியிருப்பாரு..."

"சூப்பு ஆறிடும்மா. மொதல்ல குடி."

குடித்தேன். காளான் சூப், நன்றாகவே இருந்தது, இருபத்தாறு ரிங்கிட், இங்குள்ள தமிழர்கள் வாயில் இருபத்தாறு வெள்ளி. குடித்து முடித்ததும் மறுபடி தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "என் மொத கல்யாணத்தப் பத்தி நீங்க ஏதாவது கேக்கணும்னா கேளுங்க ஆன்டி" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார்.

"இந்த உருளக்கெழங்கு வறுவல் முப்பத்திரண்டு வெள்ளியா? இந்தக் காசுக்குக் கிள்ளான்ல ரெண்டு பேரு வாழையெலையில சாப்பிட்டுட்டு டீயும் குடிக்கலாம் லா."

கணேசனை முறைத்தேன். அவர் பொரித்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார், அந்த மீனில் முள்ளே கிடையாது. மேசைக்கு அடியிலிருந்து என் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பினார்: "என்னய வாயத் தொறக்கக் கூடாதுன்னு அம்மா கார்லயே சொல்லிட்டாங்க. ஏன்னு தெரியல."

எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பிடிக்கவில்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாத நல்ல மனுஷி, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பப் போகிறார். 6.50-க்குக் கை கழுவுகிற சாக்கில் எழுந்துபோய் ஐந்து நிமிடம் கண்ணாடி முன்னால் நின்றேன். அழுகை வந்தது. கணேசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இந்த வயதில் இன்னொரு முறை இப்படிப் பிடிக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவே இல்லை, அதனால்தான் அவ்வளவு பயம். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, இனி எதுவும் கேட்பதில்லை என்று உட்கார்ந்தேன்.

7.10-க்குப் பணியாளர் வந்து, ஏழரைக்கு அடுத்த ஆட்கள் வருகிறார்கள் என்று பணிவாக நினைவூட்டினார். கணேசனின் அம்மா நாற்காலியை மேற்கே திருப்பிப் போட்டுக்கொண்டார். சுற்றிலும் எல்லாரும் எழுந்து நின்று படம் எடுத்தார்கள். சூரியன் கிள்ளான் பக்கம்தான் இறங்கியது. "நம்ம வூட்டுப் பக்கம் போவுது பாரு" என்று மகனிடம் சொன்னார். கடைசிச் சிவப்புக் கீற்று மறைந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி 7.24. காகிதத்தில் விரல்களைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்ப பேசும்மா. வந்ததுலேருந்து நீ ராகு காலத்துலயே ஆரம்பிக்கப் பாக்குற. ஊர்லேருந்து வந்த பொண்ணு, இதுகூடவா தெரியாதுன்னு எனக்கு ஒரே கவல."

"ராகு காலம் ஆறு மணிக்கே முடிஞ்சிருச்சே ஆன்டி!" என்று கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்து நீட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இது எந்த ஊருக்குப் போட்டது?"

"திண்டுக்கல்."

"அங்க பொழுது எப்ப எறங்கும்?"

"ஆறரை இருக்கும்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, எனக்கே உறைத்தது. பகல் பொழுதை எட்டாகப் பிரித்தால் ஞாயிறுக்கு வருவது கடைசிப் பங்கு. சூரியன் மறையும்போதுதான் அது முடியும். என் கைப்பேசியில் இருந்த 4.30 முதல் 6 என்பது, ஊர்ப் பக்கம் பொழுது ஆறுக்கு ஆறு என்று பொதுவாக வைத்துப் போட்ட கணக்கு. கைப்பையிலிருந்து அவர் எடுத்துக் காட்டிய கிள்ளான் நாட்காட்டித் தாளில் 5.52 முதல் 7.24 வரை என்று அச்சடித்திருந்தது. அதற்கு முன்னாலேயே பேசிவிடலாம் என்றுதான் கிளம்பியிருக்கிறார், நெரிசல் விடவில்லை. ராகு காலத்தில் உட்கார்ந்துகொண்டு அதன் பேரைச் சொல்லவும் அவருக்கு மனசில்லை. எனக்கு அவர் மேல் பயம், அவருக்கு என் மேல் கவலை, நடுவில் முப்பத்திரண்டு வெள்ளி உருளைக்கிழங்கு.

பணியாளர் பில்லோடு வந்து நின்றார். "செகெஜாப் யா, அடிக்" என்று மலாயில் தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கணேசனின் அம்மா தன் பையின் அடியிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். இரண்டு முழம் மல்லிகை.

"காலையில லிட்டில் இந்தியாவுல வாங்குனது. கொஞ்சம் வாடிருச்சு. திரும்பும்மா."

"ஆன்டி, நீங்க எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே. பழசப் பத்தி..."

"அதக் கேக்கவா நாப்பது கிலோமீட்டர் வந்தேன்? திரும்பு லா, தம்பி நிக்கிறாரு."

திரும்பினேன். தலையில் வைத்துவிட்டார். நான் அழுததை மறைக்கவில்லை. அந்தப் பணியாளர் மட்டும் எதுவும் புரியாமலே சிரித்துக்கொண்டு நின்றார். ஒன்றரை மணிநேரமாக மெழுகுவர்த்தி வாசனை என்று நான் நினைத்தது, காலையிலேயே வாங்கியாகிவிட்ட பதில். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவ்வளவு நேரமும் பயந்திருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். மூவருக்கும் வரியோடு 284 ரிங்கிட் ஆனது. மீன் பரவாயில்லை, சூப் நன்று, உருளைக்கிழங்கைத் தொடாதீர்கள். மேற்கு ஓரத்து மேசை வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி சாப்பிட வேண்டும். மழை வந்தால் உள்ளே மாற்றிவிடுவார்கள், காசு திரும்பக் கிடைக்காது. நல்ல காரியம் பேசப் போகிறவர்கள் ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள், அல்லது பாட்டுச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு இரண்டாவது நேரத்தை எடுங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டில் இருப்பவர்கள் கைப்பேசி நாட்காட்டியில் ஊர் என்ன என்று ஒருமுறை திறந்து பாருங்கள். நாலு வருஷமாக நான் அதைத் தொட்டதே இல்லை. என்னைப் பிரிக்பீல்ட்ஸில் இறக்கிவிட வந்த காரில் வைத்துத்தான் மாற்றினேன். திண்டுக்கல்லை அழித்துவிட்டுக் கோலாலம்பூர் என்று தட்டிக்கொண்டிருந்தபோது, முன் இருக்கையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார்.

"கிள்ளான்னு போடு" என்றார்.