குளத்துக் கேற்றை நான் பூட்டவில்லை

எண்பதுகளின் கடைசியில், ஒரு பெப்ரவரி மாதம் நடந்தது இது. நான் லண்டனுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. டூட்டிங்கில் நான் இருந்த வீட்டிலேயே அறை எடுத்திருந்த ஓர் அண்ணை, தான் வேலை செய்யும் இடத்தில் என்னையும் சேர்த்துவிட்டார்.

தென் லண்டனில் ஒரு பூங்கா. அதற்குள் பொதுசனம் தூண்டில் போட்டு மீன் பிடிக்கும் பெரிய குளம். பல வருடத்து இலைகள் அடியில் விழுந்து அழுகி, முந்திய கோடையில் மீன்கள் மூச்சு முட்டிச் செத்து மிதந்தனவாம். அதனால் தண்ணீரை இறைத்து, மிஞ்சிய மீன்களை வேறு குளத்துக்கு மாற்றிவிட்டு, சேற்றை அள்ளிக்கொண்டிருந்தோம். அந்தச் சேறு பொல்லாதது. மேலே காய்ந்து தரை மாதிரித் தெரியும். கால் வைத்தால் உள்ளே இழுக்கும். சுற்றிவரக் கம்பிவேலி போட்டு, லொறி போய்வர ஒரு கேற் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு லொறி போனதும் அந்தக் கேற்றைக் கொண்டி போட்டுப் பூட்டுவது என் பொறுப்பு.

அன்றைக்குக் கடும் குளிர். விரல்கள் மரத்துப்போய் மடங்கவில்லை. இரும்புக் கொண்டியைத் தொடவே மனம் வரவில்லை. எப்படியும் அடுத்த லொறி வரத்தானே போகிறது என்று கேற்றைச் சும்மா சாத்திவிட்டு, தேத்தண்ணி குடிக்கக் கொட்டகைக்குள் போனேன். பாதிக் கோப்பைகூடக் குடித்திருக்க மாட்டேன். வெளியே ஒரு பெண்ணின் அலறல்.

ஓடிப் போய்ப் பார்த்தால் கேற் திறந்து கிடக்கிறது. குளத்துக்குள் ஒரு சின்ன மண்ணிற நாய், கழுத்தளவு சேற்றில். அதைப் பிடிக்கப் போன பெண் இடுப்புக்கு மேல் புதைந்து நிற்கிறார். தினமும் அந்தப் பக்கமாக நாயோடு நடந்து போகிறவர்தான். அறுபது வயதிருக்கும்.

அண்ணையும் நானும் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டோம். என் இடுப்பில் கயிற்றைக் கட்டிவிட்டு அண்ணை கரையில் பிடித்துக்கொண்டார். நான் பலகையில் குப்புறப் படுத்தபடி ஊர்ந்து போனேன். அந்தப் பெண், "என்னை விடு, அவனை எடு, அவனை எடு" என்று கத்தினார். நாய் இன்னும் பத்தடி தள்ளி இருந்தது. பலகை அவ்வளவுதான் இருந்தது. நான் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தேன். இழுக்க இழுக்கச் சேறு விடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் மேலே வந்தபோது அந்தப் பக்கம் சத்தம் இல்லை. நாயின் தலையும் தெரியவில்லை.

அம்புலன்ஸ் அவரை ஏற்றிப் போனபிறகு அண்ணை என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"தம்பி, கேற்றை நீ பூட்டேல்லையோ?"

"இல்லை அண்ணை. மற்ற லொறி வரும்தானே எண்டு..."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தருக்கும் சொல்லாதை. உன்ர கேஸ் இன்னும் முடியேல்லை. கேட்டால் தெரியாது எண்டு சொல்லு."

மேற்பார்வையாளர் கேட்டார். தெரியாது என்றேன். அவர் என் தோளில் தட்டி, நல்ல காரியம் செய்தாய் என்றார்.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பெண் வந்தார். வேலிக்கு வெளியே நின்று என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் வருவார், தனியாக. என்னைக் கண்டதும் கையை உயர்த்துவார். அந்தக் கை உயரும்போதெல்லாம் எனக்குத் தேத்தண்ணியும் இறங்காது. ராத்திரி படுத்தால் அந்தப் பத்தடிதான் கண்ணுக்குள் நிற்கும்.

ஏப்ரலில் குளத்துக்குத் தண்ணீர் விட்டார்கள். எங்களுக்குக் கடைசி நாள். இனிமேலும் தாங்க ஏலாது என்று அந்தப் பெண்ணிடம் போய், எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் எல்லாவற்றையும் சொன்னேன். கேற்றை நான்தான் பூட்டவில்லை என்றேன். ஏசுவார், முறைப்பாடு செய்வார் என்று நினைத்தேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்: "இதை நீ சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு நடந்ததில் எனக்கு மிஞ்சிய ஒரே நல்ல விஷயம் நீதான்."

அவ்வளவுதான். திரும்பி நடந்தார். பிறகு நான் அவரைக் காணவில்லை.

உண்மையைச் சொன்னால் மனம் இலேசாகும் என்பார்கள். எனக்கு இலேசாகியது உண்மைதான். ஆனால் அந்தப் பாரத்தை நான் இறக்கி வைத்தது ஏற்கெனவே தன் நாயை இழந்து நின்ற ஒருவரின் தலையில் என்பது, இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னைத் தூங்கவிடாமல் குடைகிறது.